பின்சீட்டு சினிமாவும் உன் புது வண்டியும்

டர்பன்

டேய் மாப்ள,

புது வண்டி போட்டோ பாத்தேன்டா. பம்பர்ல எலுமிச்சம்பழம் பச்சமொளகா, பானெட்ல சந்தனம் குங்குமம், பக்கத்துல உங்கம்மா நிக்கிறாங்க பாரு ஒரு தோரணையா, அவங்கதான் ஓட்டப்போறாங்கன்னு நெனச்சுட்டேன். ரொம்ப சந்தோசம். இங்க சவுத் ஆப்பிரிக்காவுல எல்லாரும் நல்லாருக்கோம். பெரியவன் ஸ்கூல்ல ஜூலு பாஷை படிக்கிறான், கோவம் வந்தா என்னைய ஜூலுல ஏதோ சொல்றான், என்னன்னு புரியல, ஆனா சின்னவ விழுந்து விழுந்து சிரிக்கறத வச்சு நல்ல வார்த்தை இல்லைன்னு தெரியுது. எனக்கு அதே ஹார்பர் பக்கத்து ஆபீஸ்தான், அதே கன்டெய்னர் கணக்குதான். வீட்டம்மா பின்னாடி கறிவேப்பிலை வச்சு மரமாக்கிட்டா, தெருவே வந்து ஒடிச்சுட்டுப் போகுது.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். மதுரையில இருந்து சென்னைக்கு புள்ளைங்களோட வண்டியிலயே போகப்போறேன், பின்சீட்ல மாட்டுற பிளேயர் வாங்கவா இல்ல ஆளுக்கொரு டேப்லெட்டக் குடுத்து உக்கார வச்சுரவான்னு நீ கேக்குற, ஒண்ணுமே வேணாம் ஜன்னல் இருக்குல்லன்னு உன் வீட்டம்மா சொல்றாங்க, நடுவுல என்னைய நாட்டாமையாக்கிட்டீங்க. தீர்ப்பு சொல்றேன், ரெண்டு பேருக்கும் பாதிப்பாதிதான் பிடிக்கும்.

நாங்க லீவு விட்டா ஜோபர்க்ல, அதான் ஜோகன்னஸ்பர்க்ல, மச்சினி வீட்டுக்குப் போவோம். என்-3 ஹைவே, ஏறக்குறைய 570 கிலோமீட்டர், புள்ளைங்களோட நின்னு நின்னு போனா ஏழு மணி நேரம் ஆயிரும். உன் சென்னை ரூட்ட விட ஒரு நூறு கிலோமீட்டர் கூட. ரோடு நல்லாருக்கும், 120 வரைக்கும் போகலாம், ஆனா ஹார்பர்ல இருந்து மேல போற சரக்கெல்லாம் இந்த ரோட்டுலதான் போகுது, லாரி லாரியா வரும், ஓட்டுறவன் கண்ண அசைக்க முடியாது. அந்த நேரம் பாத்துத்தான் பின்னாடி "அவன் என் பக்கத்துல காலு வைக்கிறான்"னு பஞ்சாயத்து ஆரம்பிக்கும். அதனால வீட்டம்மா கிட்ட சொல்லு, படம் போடறது புள்ளைங்களுக்காக மட்டும் இல்ல, ஓட்டுறவன் திரும்பித் திரும்பிப் பாக்காம இருக்கறதுக்கும்தான்.

நாம ஒண்ணும் யோக்கியம் இல்லடா. வீடியோ கோச் ஞாபகம் இருக்கா, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி பெட்டி டிவி, கண்டக்டர் வந்து கேசட்டத் தட்டி உள்ள தள்ளுவார், கோடு கோடா ஓடும், பின்சீட்டு வரைக்கும் சவுண்டு மட்டும்தான் வரும் மூஞ்சி தெரியாது. க்ளைமாக்ஸ் வர்ற நேரம் கரெக்டா ஊரு வந்துரும். இப்பவும் எத்தனையோ படத்துல வில்லன் செத்தானா இல்லையான்னே எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, பஸ் பூரா ஒரே படம், எல்லாரும் ஒரே நேரத்துல சிரிச்சோம், ஒருத்தன் தூங்கிட்டா பக்கத்து சீட்டு அண்ணாச்சி கதை சொல்லுவார். இத மனசுல வச்சுக்கோ.

எங்க கிட்ட இருக்குறது பழைய டிவிடி பிளேயர், ஒம்பது இஞ்ச் ஸ்கிரீன், ஹெட்ரெஸ்ட்ல பெல்ட் போட்டு மாட்டுறது. இந்த சாமான் 1998-லயே பேனசோனிக்காரன் மார்க்கெட்டுக்கு விட்டுட்டான், அப்ப ஸ்கிரீன் 5.8 இஞ்சுதான். இப்ப கேட்டா கடைக்காரப் பையன் நம்மள மியூசியத்துல இருந்து வந்த மாதிரி பாக்குறான். இருந்தாலும் இதுல ஒரு நல்லது, நெட் வேணாம், விளம்பரம் வராது, புள்ளைக அடுத்தது அடுத்ததுன்னு தள்ளிக்கிட்டே போக முடியாது. டிஸ்க்கு போட்டா அதுதான் படம். பேட்டரி ரெண்டு ரெண்டரை மணி நேரம் நிக்கும், அப்புறம் சிகரெட் லைட்டர் ஓட்டையில 12 வோல்ட் வயரு சொருகணும். இங்க லோட் ஷெடிங், அதான் கரண்ட் கட்டு, கடுமையா இருந்த காலத்துல முந்தின நாளே எல்லாத்தையும் சார்ஜ் போட்டு வைக்கறது கல்யாண வேலை மாதிரி நடக்கும்.

டிஸ்க்குல ஒரு வில்லங்கம் இருக்கு, நீ எனக்கு அனுப்பறதா இருந்தா தெரிஞ்சுக்கோ. டிவிடிக்கு ரீஜன்னு ஒரு பூட்டு போட்டு வச்சிருக்கான், சவுத் ஆப்பிரிக்கா 2, இந்தியா 5. இங்க வாங்கின பிளேயர்ல 5 போட்ட டிஸ்க்க சொருகுனா ஓடாது, ஸ்கிரீன்ல எழுத்து மட்டும் வரும். நல்ல வேளையா நம்மூரு தமிழ்ப்பட டிஸ்க்கு நெறைய எல்லா ரீஜனுக்கும் சேத்தே போட்டிருப்பான், கவர் பின்னாடி உலக உருண்டைக்குள்ள ALL-னு இருக்கும். யூஎஸ்பி சொருகுற பிளேயரா இருந்தா இந்தத் தலைவலியே இல்ல, பென்டிரைவ்ல ஏத்திக்கலாம்.

இப்ப முக்கியமான மேட்டர். வாந்தி. டர்பன விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரத்துல மாரிட்ஸ்பர்க்னு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) ஒரு ஊரு வரும், அது தாண்டின ஒடனே டவுன் ஹில்னு ஒரு ஏத்தம், அப்புறம் அங்கங்க ஏறி இறங்கி கடைசியா வேன் ரீனன் மலைப்பாதை. இந்த ரெண்டு எடத்துலயும் படம் ஓடுச்சுன்னா சின்னவ மொகம் மொதல்ல வெளுக்கும், அப்புறம் வாய்ல எச்சில் ஊறும், அப்புறம் "அப்பா"ன்னு ஒரு மெல்லிசு குரல், அவ்வளவுதான், சீட்டு, சீட் பெல்ட்டு, அந்த பெல்ட் உள்ள போற ஓட்டை வரைக்கும் கழுவணும். காரணம் என்னன்னா, காதுக்குள்ள பேலன்ஸ் பாக்குற எடம் வண்டி திரும்புது ஏறுதுன்னு சொல்லுது, கண்ணு ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு நான் ஆடாமத்தான இருக்கேங்குது, ரெண்டும் ஒத்துப்போகலைன்னா வயிறு பொரட்டுது. 2 வயசுல இருந்து 12 வயசுக்குள்ளதான் இது ஜாஸ்தி. டேப்லெட்ட மடியில வச்சுக் குனிஞ்சு பாத்தா இன்னும் மோசம், ஹெட்ரெஸ்ட்ல கண்ணு மட்டத்துக்கு மாட்டுனா ஓரக்கண்ணுல ரோடும் தெரியும், கொஞ்சம் தேவலாம். அதனால எங்க வண்டியில மணிக்கணக்கு கெடையாது, எடக்கணக்குதான். மலை ஏறுறப்ப ஆஃப். மலை தாண்டி ஹாரிஸ்மித் வந்துட்டா பெட்ரோல் போட்டு (இங்க ஆளுங்கதான் போடுவாங்க, நம்மூரு மாதிரி), எல்லாரையும் பாத்ரூம் கூட்டிட்டுப் போயிட்டு வந்து, அப்புறம் ஆன். அதுக்கு மேல ஃப்ரீ ஸ்டேட்டுங்கற மாகாணம், மக்காச்சோளக் காடு, தரை தட்டையா கெடக்கும், ரோடு கோடு போட்ட மாதிரி போகும், பெரியவங்களுக்கே கொட்டாவி வரும். படத்துக்குன்னே ஆண்டவன் படைச்ச ரோடு அது.

மலை தாண்டுறதுக்கு முன்னாடி வர்ற பாதி வழியில படம் கெடையாதுன்னா என்ன பண்றதுன்னு கேப்ப. பட்கோஸ் இருக்குல்ல. இங்க வழிக்கு கட்டிட்டுப் போற சாப்பாட்ட எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, வெள்ளக்காரன் கறுப்பன் நம்மாளு வித்தியாசம் இல்ல. நம்மாளுங்க வீட்டுல அவிச்ச முட்டை, சமோசா, ரொட்டிக்குள்ள கறி சுருட்டி ஃபாயில்ல கட்டினது. மோய் ரிவர் டோல் வரைக்கும் தொடக்கூடாதுன்னு சட்டம், ஆனா மாரிட்ஸ்பர்க்லயே ஃபாயில் சத்தம் கேட்டுரும். அப்புறம் கதை. தில்லையாடி வள்ளியம்மைய நாம அஞ்சு மார்க்குக்குப் படிச்சு மறந்தோம்ல, அந்தப் பொண்ணு ஜோபர்க்ல பொறந்தவ, காந்தியோட போராட்டத்துல ஜெயில்ல போட்டது இந்த மாரிட்ஸ்பர்க்லதான், வெளிய வந்த கையோட 1914 பிப்ரவரியில செத்துருச்சு, 16 வயசு. ஊர் போர்டு கண்ணுக்குத் தெரியறப்ப சொன்னேன். சின்னவ ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "ஜெயில்ல ரசம் குடுப்பாங்களா"ன்னா. அங்க இருந்து ஜெயில்ல என்னென்ன சாப்பாடுன்னு ரெண்டும் ஆராய்ச்சி, டோல் வந்ததே தெரியல.

ஹோவிக் தாண்டி ஒரு எடத்துல நிப்பாட்டுவோம். மண்டேலாவ 1962 ஆகஸ்ட் 5-ம் தேதி போலீஸ் புடிச்சது அங்கதான். அவரும் டர்பன்ல இருந்து ஜோபர்க்தான் போயிட்டிருந்தார், டிரைவர் வேஷத்துல. 2012-ல அங்க ஒசரமா 50 இரும்புத் தூண் நட்டிருக்காங்க, கிட்ட போனா வெறும் கம்பிதான், எட்ட ஒரு குறிப்பிட்ட எடத்துல நின்னு பாத்தா அவர் மொகம் வரும். புள்ளைங்க அந்த எடத்தத் தேடி முன்னாடி பின்னாடி ஓடுறாங்க, "வந்துருச்சு, போயிருச்சு, வந்துருச்சு"ன்னு கத்திக்கிட்டு, போறவன் வர்றவன்லாம் சிரிக்கிறான். அப்புறம் வண்டியில ஏறி ஒரு மணி நேரம் தூக்கம்.

ஆளுக்கொரு டேப்லெட்டா ஒரே ஸ்கிரீனான்னு கேட்டேல்ல, இதுல நான் ரொம்பக் கண்டிப்பு. ஒண்ணே ஒண்ணுதான். இங்க டர்பன்லயே சாட்ஸ்வொர்த்ங்கற ஏரியாவுல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆயா இருக்காங்க, கரும்புத் தோட்டத்துக்கு கப்பல்ல வந்த வம்சம், தேவாரத்த இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சுக்கிட்டு கணீர்னு பாடுவாங்க, ஆனா பேச்சு பூரா இங்கிலீஷ்தான், சோறு, தண்ணி, வா இங்க, போதும், அவ்வளவுதான் மிச்சம். அவங்க பேத்தி வீடு ஜோபர்க்ல, ஒரு தடவ எங்க கூட வந்தாங்க, பின்சீட்ல புள்ளைக ரெண்டுக்கும் நடுவுல. தமிழ்ப்படம் ஓடுது, சப்டைட்டில் இல்ல. ஆயா நிமிசத்துக்கு ஒருக்க "வாட் ஈஸ் ஹி சேயிங்"னு கேக்குறாங்க. பெரியவனுக்கு வேற வழியில்ல, காத கூர்மையாக்கி வச்சு ஒவ்வொண்ணையும் சொல்றான், தெரியாத எடத்துல சொந்தச் சரக்க சேத்துக்கிறான், வில்லன ஹீரோவோட தாய்மாமன்னு சொல்லி வச்சுட்டான். ஆயா டிஹோக் டோல் வரைக்கும் "என்ன மாமன்டா இவன், அக்கா மகன இப்படி அடிக்கிறான்"னு இங்கிலீஷ்ல பொலம்பிக்கிட்டே வந்தாங்க, வீட்டம்மா முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு சிரிக்கறா. வீட்டுல தமிழ்ல பேசுடான்னு கெஞ்சினா இங்கிலீஷ்ல பதில் சொல்ற பய, அன்னிக்கு மூணு மணி நேரம் தமிழ தலகீழா பிரிச்சு மேஞ்சான். ஆளுக்கொரு ஸ்கிரீன், காதுல ஹெட்போன்னு இருந்திருந்தா ஆயா ஜன்னலப் பாத்துத் தூங்கியிருப்பாங்க.

அதனால ஹெட்போனும் வேணாம்ங்கறேன். சத்தம் உனக்கும் கேக்கும், கேக்கட்டும், அந்தக் கதை அப்புறம் வீட்டுல பேச ஆவும். சண்டை வரும், எந்தப் படம்னு. வரட்டுமே. ஒரு டோல் இவன் சாய்ஸ், அடுத்த டோல் அவ சாய்ஸ்.

இன்னொண்ணு, டேப்லெட்டக் கையிலயோ சீட்டுலயோ சும்மா விடாத. நூறுல போறப்ப சடன் பிரேக் போட்டா அது கல்லாட்டம் பறந்து வந்து மண்டையில அடிக்கும். பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டு, நீ முன்னாடி இருந்து பாக்குற மாதிரி மட்டும் மாட்டிராத, ராத்திரி வெளிச்சத்த கொறச்சு வை, இல்லைன்னா கண்ணாடியில படம் ஓடும். உன் கடைக்குட்டிக்கு இன்னும் மூணு வயசு ஆகலல்ல, சைல்டு சீட்டு வாங்கிட்டியா? இங்க 2015-ல இருந்து மூணு வயசுக்குள்ள இருக்குற புள்ளைக்கு அது கட்டாயம். அங்க யாரும் கேக்கலைன்னாலும் பிளேயருக்கு முன்னாடி அத வாங்குடா. கடைக்குட்டிக்கு படமும் வேணாம், அவன் ஃபாயில் பேப்பரக் கிழிச்சாலே சந்தோசப்படுற வயசு.

பேட்டரிய நம்பி மட்டும் கிளம்பாத. 2024 செப்டம்பர்ல வேன் ரீனன் பக்கம் பனி கொட்டி ஹைவேயவே மூடிட்டான், ராத்திரி பூரா வண்டிங்க அப்படியே நின்னுச்சு. தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு மாட்டிக்கிச்சு, கைக்கொழந்தையோட. கொஞ்ச நேரத்துல எல்லா ஸ்கிரீனும் செத்துருச்சாம், போர்வையும் பிளாஸ்க்குல சுடுதண்ணியும் இருந்ததால தப்பிச்சோம்னாங்க. விழுப்புரத்துல பனி கொட்டாதுதான், ஆனா டோல்கேட்ல பொங்கல் லீவு க்யூ கொட்டும்ல, தண்ணி கேன் வச்சுக்கோ.

ஆக யூஎஸ்பி சொருகுற பிளேயர் ஒண்ணு, ஒரே ஸ்கிரீன், திருச்சி தாண்டுறவரைக்கும் கதையும் முறுக்கும், அப்புறம் படம். வீட்டம்மாவுக்கு ஜன்னல், உனக்கு பிளேயர். ஒத்துக்கிட்டாங்களா இல்லையான்னு எழுது.

ஒரு உதவி பண்ணுடா. தெனாலிராமன், மரியாதைராமன் கதையெல்லாம் சின்னப் புள்ளைங்களுக்குப் புரியற தமிழ்ல வீடியோவா கெடச்சா ஒரு பென்டிரைவ்ல போட்டு வை, டிசம்பர்ல என் தம்பி ஊருக்கு வர்றான், அவன் கிட்ட குடுத்து விடு. ஆயாவும் கேட்டாங்க, அடுத்த தடவ மாமன் நல்லவனா இருக்குற படமா போடுங்கன்னு. அப்படி ஏதாவது இருந்தா அதையும் சேத்து ஏத்து. உங்கம்மாவ கேட்டதா சொல்லு, வண்டிய பாத்து ஓட்டு.

உன்
பழைய கடைசி பெஞ்சு