உன் பிரியாணி பண்ணின வேலை

டேய் மாப்ளே,

நாலு மாசமா உன் போனை எடுக்கலை. திட்டறதைத் திட்டிக்கோ. வீட்டில் எல்லாரும் சுகம். மூக்கன் புல்லட்டை மறுபடி வித்துட்டான், வழக்கம்போல நஷ்டத்துக்கு.

எடுக்காததுக்குக் காரணம் அப்பா நினைவு நாளுக்கு நீ வெச்ச ரத்ததான முகாம். 62 பை எடுத்தோமே, சிவப்பணு எல்லாம் ஒழுங்கா நோயாளிகளுக்குப் போச்சு. ரத்தத்தோட மஞ்சள் நீர் இருக்கே, பிளாஸ்மா, அதில்தான் கோட்டை விட்டோம். எட்டு மணி நேரத்துக்குள்ள பிரிச்சு ஐஸா உறைய வெச்சாத்தான் அதில் ஃபேக்டர் 8, அதான் ரத்தக்கசிவை நிறுத்த உதவுற புரதம், நிக்கும். நீ கவுன்சிலர் வரட்டும், போட்டோ எடுக்கட்டும், பிரியாணி சாப்பிடாம வண்டி கிளம்பாதுன்னு நின்னே. நானும் யோக்கியன் இல்லை, ரெண்டாவது தட்டு வாங்கினேன். எங்க ரத்த வங்கிக்கு வந்து சேர்ந்தப்போ 41 பைக்கு நேரம் தாண்டிடுச்சு. வீணாப் போகலை, ஆல்புமின், ஃபேக்டர் 9-னு வேற புரதங்கள் எடுக்க ஆகும். ஆனா ஃபேக்டர் 8 நோஞ்சான்டா, தாங்காது.

போன செவ்வாய் ராத்திரி ஹீமோஃபிலியா பையன் ஒருத்தன் வந்தான், ஃபேக்டர் 8 குறைவா இருக்கிறதால ரத்தக்கசிவு லேசில் நிக்காத வியாதி. 25 கிலோ, முட்டி பலாப்பழமா வீங்கியிருக்கு. வார்டில் ஃபேக்டர் 8 மருந்துக் குப்பி தீர்ந்துபோச்சு, கிரையோ கேட்டாங்க. உறைஞ்ச பிளாஸ்மாவை 4 டிகிரியில் மெதுவா இளக விட்டா அடியில் வெள்ளையா வண்டல் தங்கும், அதுதான். 1964-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் பூல்னு ஒரு அம்மா அதில்தான் ஃபேக்டர் 8 குவிஞ்சிருக்குன்னு காட்டினாங்க. அந்தக் குப்பி பண்ற கம்பெனிக்காரனும் ஆயிரக்கணக்கான பேர் பிளாஸ்மாவைக் கலந்து பெரும்பாலும் இதே வண்டலில்தான் தொடங்கறான். அப்புறம் சுத்தம் பண்ணி, வைரஸைக் கொன்னு, பொடியாக்கிக் குப்பியில் அடைக்கறான். அந்தக் கொல்ற வேலை சரியா வர்றதுக்கு முன்னாடி, 80-களில், மருந்துன்னு போட்ட குப்பியாலேயே எச்ஐவி வந்து செத்தவங்க ஏராளம்.

பையனுக்கு ஒரு தடவைக்கே சுமார் 500 யூனிட் வேணும். ஒரு பை கிரையோவில் 80 தேறினா பெரிசு. ஏழு பை. என்கிட்ட மூணுதான் இருந்துச்சு. மீதியைப் பக்கத்து ஊரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரவழைக்க விடிஞ்சுடுச்சு. அதுவரைக்கும் அவங்கம்மா என் கவுண்டர் எதிரே தரையில் உக்காந்திருந்தாங்க. ஒண்ணும் கேக்கலை. நான் 41-ஐ ஏழால வகுத்துக்கிட்டே இருந்தேன்.

பையன் இப்போ நொண்டி நொண்டி நடக்கிறான்.

அடுத்த வருஷமும் முகாம் வை. போட்டோவை வண்டி போனப்புறம் எடுத்துக்கோ. பிரியாணியைப் பார்சல் கட்டிடு, எனக்கு ரெண்டு. நீ மட்டும் ஊசி பக்கம் வராதே. ஏழாங்கிளாஸில் உன்னைத் தூக்கிட்டுப் போன இடுப்பு இன்னும் வலிக்குது.

உன்
கம்பவுண்டர்