கோல்பியின் வெற்றி எழுத்துப் பிழையால் வந்ததன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரவெளியீட்டில் சென்ற ஞாயிறன்று வெளியான, தொழின்முறைக் கோல்ஃப் வரலாற்றின் மறக்கமுடியாத தருணங்கள் பற்றிய கட்டுரையில், 1997இல் டைகர் வூட்ஸ் 12 அடிகள் (ஸ்ட்ரோக்) வித்தியாசத்தில், அமெரிக்காவில் நடக்கும் மாஸ்டர்ஸ் என்ற பெரும் கோல்ஃப் போட்டியை வென்றதற்கு அரைப்பக்கம் கிடைத்திருந்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் 1968ஆம் ஆண்டு மாஸ்டர்ஸை ஒரே வரியில் முடித்து, பொப் கோல்பியை ‘எழுத்துப் பிழையால் வென்றவர்’ என்று எழுதியது நியாயமாகப் படவில்லை.

குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் கோல்ஃபில், ஒருவரின் அடி எண்ணிக்கையை அவருடன் ஆடுபவர் அட்டையில் குறிப்பார். ஆடியவர் அதைக் குழி குழியாகச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஒப்பமிட்ட அட்டையில் ஒரு குழிக்கு உள்ளதைவிடக் கூடுதலான எண் இருந்தால், அந்தக் கூடுதல் எண்ணே நிலைக்கும். ஆர்ஜென்டீனாவின் ரொபேர்ட்டோ டி விசென்சோ, தமது 45ஆவது பிறந்தநாளன்று ஆடிய இறுதிச் சுற்றில், 17ஆம் குழியை 3 அடிகளில் முடித்ததைத் திடலில் நின்ற கூட்டமே கண்டது. ஆனால் அவருடன் ஆடிய டொமி ஆரன் அட்டையில் 4 என்று எழுதிவிட்டார். டி விசென்சோ அதைக் கவனியாமல் ஒப்பமிட, அந்தச் சுற்றின் மொத்தமான 65 என்பது 66 ஆகியது. 65 நிலைத்திருந்தால் அவர் கோல்பியோடு சமநிலையில் இருந்திருப்பார்; அந்த ஓர் அடியால், மறுநாள் இருவருக்கும் நடக்கவேண்டியிருந்த 18 குழி மறுபோட்டியும் இல்லாமற் போயிற்று.

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் பல ஆண்டுகள் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதியவன் நான். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதைக் கண்ணாரக் கண்டபின்னும், யாரோ நீட்டிய தேநீரை இடக்கையால் வாங்கியபடியே 4க்குப் பதில் 1 போட்டிருக்கிறேன். ஓவர் முடிவில் எதிரணிப் பதிவாளர் தம் புத்தகத்தோடு ஒப்பிட்டதால் அன்று தப்பினேன். கோல்ஃபில் அந்த இரண்டாவது புத்தகம் ஆட்டக்காரரேதான். டி விசென்சோவுக்கு அது தெரிந்திருந்தது. அவர் ஆரனைக் குறைகூறவில்லை, தம்மையே முட்டாள் என்று சொல்லிக்கொண்டார்.

இந்தக் கதையில் கோல்பி செய்த பிழைதான் என்ன? அவரும் அன்று 66தான் எடுத்தார். 15ஆம் குழியில் ஈகிள் அடித்தார், அதாவது அந்தக் குழிக்கு வகுத்த அடிகளைவிட இரண்டு குறைவாக முடித்தார். நான்கு சுற்றுக்கும் சேர்த்து 277 அடிகள். மறுபோட்டி நடந்திருந்தால் யார் வென்றிருப்பார் என்று எவராலும் சொல்லமுடியாது. ஆகவே, அந்த 277ஐயும் குறிப்பிட்டு, அடுத்த இதழில் ஒருவரித் திருத்தமாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்கோர் பதிவாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.