யார் அந்த 'இன்னொரு வீரர்'?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழ் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பழைய அமெரிக்கக் கால்பந்துப் படம். கீழே, "டெர்ரி பிராட்ஷாவும் இன்னொரு வீரரும்" என்று போட்டிருக்கிறீர்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் பிராட்ஷாவுக்கு முன்னால் குனிந்து கால் இடுக்கு வழியாகப் பந்தைக் கொடுக்கிறாரே, சட்டையில் 52 என்று பளிச்சென்று தெரிகிறதே, அந்த 'இன்னொரு வீரர்' மைக் வெப்ஸ்டர்.

சரி, பெயர்தான் தெரியவில்லை, போகட்டும். கட்டுரைக்குள், முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் வீரர்களைப் பற்றி, "லைன்மேனுக்கு உடம்பு போதும், மூளை வேண்டியதில்லை" என்று ஒரு வரி! எதிரணி நிற்கிற நிற்பைப் பார்த்து, யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சத்தம் போட்டுச் சொல்வதே, அந்த வரிசையின் நடுவில் நிற்கும் வெப்ஸ்டர் போன்ற சென்டர்தான். பந்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன், சில விநாடிகளுக்குள். உங்கள் கட்டுரையாளர் ஓர் ஆட்டமாவது முழுதாகப் பார்த்தாரா?

வெப்ஸ்டர் விஸ்கான்சின் உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தவர். 1974இல் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஸ்டீலர்ஸ் அவரை எடுத்ததே ஐந்தாவது சுற்றில்தான். மொத்தம் 17 பருவங்கள் ஆடினார், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை 4 முறை வென்றார். குளிர் நடுக்கும்போதும் கையை மூடாமல் நிற்பார். ஆட்டத்தை விட்ட பிறகு நினைவு தடுமாறி, வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கி, 2002இல் 50 வயதில் போய்ச் சேர்ந்தார். இந்த ஆட்டக்காரர்களுக்கு, தலையில் அடிபட்டு அடிபட்டு சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு வருவதை டாக்டர் பென்னட் ஒமாலு முதலில் கண்டது அவர் மூளையில்தான். மூளை வேண்டியதில்லையாம்! உடல்நலம் கெட்டதற்கான ஓய்வூதியப் பாக்கிக்காகக் குடும்பம் வழக்காடியதும், 2006இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்ததும் தாங்கள் அறியாததல்ல.

என் மகனும் இங்கே பள்ளி அணியில் இரண்டு வருடம் சென்டர். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி காரில் ஏறியவன், வீடு வருவதற்குள், "அப்பா, நாம ஜெயிச்சோமா?" என்று மூன்று தடவை கேட்டான். தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பியிருந்தார். அதோடு நிறுத்திவிட்டோம். ஹெல்மெட் இன்னும் பரணில் கிடக்கிறது.

நான்கு வருடம் முன்பு சூப்பர் பௌலை 'ரக்பி உலகக் கோப்பை' ஆக்கினீர்களே, அப்போதும் எழுதினேன். கடிதம் வெளிவந்தது, பாதி வெட்டுப்பட்டு. உங்களைப் பாராட்டியிருந்த வரி மட்டும் பத்திரமாக இருந்தது.

அடுத்த இதழில் '52ஆம் எண் சட்டைக்காரர் மைக் வெப்ஸ்டர்' என்று ஒரு வரி போடுங்கள், போதும். இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். ராசிபலனுக்குக் கீழே இரண்டு அங்குலம் எப்போதும் காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
பிட்ஸ்பர்க்