கால் எட்டுதா என்கிறார்கள், கையைப் பற்றிக் கேட்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

புது பைக் வந்தால் சிசி, மைலேஜ், விலை, சீட் உயரம் எல்லாம் பத்திரிகையில் வந்துவிடுகிறது. ஸ்பிளெண்டர் பிளஸ் 785 மி.மீ., கிளாசிக் 350 என்றால் 805 மி.மீ. என்று என்னைப் போன்ற குள்ளமான ஆட்கள் மனப்பாடமாகவே வைத்திருக்கிறோம். ஆனால் சீட்டிலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு தூரம் என்று எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. தினமும் ஓட்டுகிறவனுக்கு வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் உயரம் 5 அடி 2 அங்குலம். காலடிப்பேட்டையிலிருந்து சாத்தாங்காடு வழியாக மணலிக்கு வேலைக்குப் போகிறேன். போன வருஷம் ஒரு 150 சிசி வண்டி வாங்கப் போனபோது ஷோரூமில் உட்கார வைத்து "கால் எட்டுதா சார்?" என்றார்கள், எட்டியது, பணத்தைக் கட்டிவிட்டேன். ஒரே மாதத்தில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. மணலி போய்ச் சேர்வதற்குள் விரல்கள் மரத்துப்போகும். கை எட்டாததால் எனக்கே தெரியாமல் டேங்க் மேல் ஏறாத குறையாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். இதைக் கண்டுபிடித்தது பின்சீட்டில் இருந்த என் மனைவிதான், "நீங்க எனக்குத்தான் இடம் விடுறீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

நண்பர்கள் சொன்னார்கள் என்று ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் அகலமான, நேரான ஹேண்டில்பார் வாங்கி மாட்டினேன். பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் அகலமான பாரை முழுசாக ஒடித்தால் வெளிப்பக்கக் கைப்பிடி நம்மை விட்டு எங்கேயோ போய்விடும், நீளக் கைக்காரர்களுக்கு அது தெரியாது, நமக்குத் தோளே கழன்று வருகிற மாதிரி இருக்கும். எம்.எஃப்.எல். சந்திப்புக்கு முன்னால் இரண்டு கன்டெய்னர் டிரெய்லர்கள் நிற்க, இடது பக்கம் ஒடித்துத் திரும்பப் பார்த்தேன். எட்டாத வலது கை ஆக்ஸிலேட்டரைத் தானாக முறுக்கிவிட்டது. டிரெய்லர் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. போதாததற்கு, சுவிட்ச் பெட்டிக்குள் இருக்கிற சின்ன ஆணி புது பாரில் உட்கார ஓட்டை இல்லையென்று கடையில் அந்த ஆணியையே வெட்டிவிட்டிருந்தார்கள், அதனால் சுவிட்ச் பெட்டி கம்பியில் சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைசியில் வண்ணாரப்பேட்டையில் ஒரு வயசான மெக்கானிக் பழைய பாரையே திரும்ப மாட்டினார். சீட்டில் நான் வழக்கமாக உட்காருகிற மாதிரி உட்காரச் சொன்னார். மேல் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பாரை என் பக்கமாக லேசாகச் சுற்றி இறுக்கினார். பாரை நம் பக்கம் சுற்றினால் பிரேக், கிளட்ச் லிவர்களும் சேர்ந்து மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும் என்பதால், விரல் வைத்தால் மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கும்படி அவற்றையும் திருப்பி வைத்தார். அப்புறம் நியூட்ரலில் வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்தார். ஒடிக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தமாம். பார் டேங்கில் இடிக்கிறதா, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்றும் பார்த்தார். "அண்ணே, பார் மாத்தணும்னா உசரத்தைப் பாக்காதீங்க, பின்னால எவ்ளோ வளைஞ்சு வருதுன்னு பாருங்க" என்றார். உண்மைதான், தோளுக்கு மேல் கையைத் தூக்கிப் பிடிக்க வைக்கிற பார் குள்ளமானவனுக்கு இன்னொரு தண்டனை. முழங்கை லேசாக மடங்கியபடி, முழுசாக ஒடித்தாலும் முதுகு நகராமல் இரண்டு கையும் எட்டினால் அதுதான் நம் அளவு.

தோள்வலி முழுசாகப் போகவில்லை, முக்கால்வாசி போயிற்று. ஸ்கூட்டர்காரர்களுக்கும், ஃபோர்க்கிலேயே மாட்டுகிற கிளிப்-ஆன் வைத்த வண்டிக்காரர்களுக்கும் இந்த வைத்தியம் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனிகளை நான் கேட்பது ஒன்றுதான். சீட் உயரத்துக்குப் பக்கத்தில் கைப்பிடி தூரத்தையும் அச்சடியுங்கள், பின்னால் வளைந்த ஒரு ஹேண்டில்பாரை நீங்களே விற்பனைக்கு வையுங்கள். சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்தால் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது, எது ஆகும் எது ஆகாது என்று வண்டிக்காரன் நடுரோட்டில் நின்று வாதாட முடியுமா? ஷோரூம்காரர்களும் டெலிவரிக்கு முன்னால் ஸ்பேனரை எடுத்து பாரை ஆளுக்குத் தகுந்த மாதிரி வைத்துக் கொடுக்கலாம். வண்டிக்கு மாலை போட்டு போட்டோ எடுக்கிற நேரம்கூட ஆகாது.

இப்படிக்கு,
வாசகர், காலடிப்பேட்டை, சென்னை