பள்ளிக்கரணைக்கு உயரமான கோபுரம் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ஆம் ஆண்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்ட நிலையில், பறவைகளைப் பார்க்க அங்கே உயரமான கோபுரம் வேண்டும் என்று கேட்போரின் ஆர்வம் புரிகிறது. ஆனால், கட்டுமானத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், உயரத்தைக் கேட்பது வீண் என்றே கருதுகிறேன். நிலம் தட்டையானது, சம்பங்கோரை ஆள் உயரத்தைவிடச் சற்று மிகுதியாகத்தான் வளரும். தரையிலிருந்து 4 மீட்டரில் ஒரு தளம் இருந்தால், நிற்பவரின் கண் கோரைக்கு மேலே வந்துவிடும். அதற்கு மேல் ஏற ஏற, வானத்தின் பின்னணியில் நம் உருவம் துலக்கமாகத் தெரிவதுதான் மிச்சம். நாரையும் கூழைக்கடாவும் மிரள்வது அசையாத கோபுரத்தைக் கண்டு அல்ல, அதன் மேல் அசையும் நம்மைக் கண்டுதான். ஆகவே கூரையும், பார்ப்பதற்கு இடைவெளி விட்ட பலகைத் தடுப்பும் வேண்டும். பறவைகள் மோதி இறக்கும் என்பதால் கண்ணாடி கூடாது. இரவு விளக்கும் கூடாது.

வேடந்தாங்கலில் ஏரிக்கரையே பாதிக் கோபுரம். பள்ளிக்கரணையிலோ காலடியில் இளகிய களிமண். கான்கிரீட் பைல், அதாவது ஆழமான அடித்தளத் தூண், இறக்குவதென்றால் துளையிடும் எந்திரம் உள்ளே போக வேண்டும். அது போவதற்குக் கட்டட இடிபாடுகளைக் கொட்டிப் பாதை போட வேண்டும். வேலை முடிந்த பின் அந்தப் பாதையை அள்ளியெடுத்து நான் பார்த்ததில்லை. சதுப்பின் வடிகாலான ஒக்கியம் மடுவை நோக்கி வடிய வேண்டிய மழைநீருக்குக் குறுக்கே அது ஒரு கரையாகவே கிடந்துவிடும். கோபுரத்தைவிட அதற்குப் போட்ட வழிதான் பெருங்கேடு. எனவே சதுப்பின் நடுவே போகாமல், ஏற்கெனவே மண் கொட்டி மேடாகிவிட்ட சாலையோரத்தில், சிறிய எந்திரத்தாலேயே முறுக்கி இறக்கக்கூடிய திருகுத் தூண்களின் மேல் கோபுரத்தை நிறுத்துவதே சரி. பின்னாளில் வேண்டாமென்றால் எதிர்ப்புறமாக முறுக்கி எடுத்துவிடலாம். கடற்காற்றுக்கு இரும்பு தாங்காது என்பதால் துத்தநாகப் பூச்சு கட்டாயம்; கூரைக்கு வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்களே போதும். வலசை வந்த பறவைகள் பெரும்பாலும் திரும்பிவிட்ட ஏப்ரல், மே மாதங்களில் வேலையை முடித்துவிட வேண்டும்.

படியேற இயலாதவர்களுக்காக, இதே போன்ற தடுப்புடன் தரை மட்டத்திலும் ஒரு மறைவிடம் அமைக்க வேண்டும். ஆழமில்லாத நீரில் நிற்கும் பூநாரைகளைப் பார்க்க, என்னைக் கேட்டால், கோபுரத்தைவிட அதுவே நல்ல இடம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
வேளச்சேரி, சென்னை.