மேனுவல் பாக்காம ஆயில் ஊத்தாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நம்ம வண்டி நாலு சிலிண்டர் பெட்ரோல், இன்ஜினுக்கு பாரம் கம்மியா இருக்கப்போ ரெண்டு சிலிண்டர் தானா கட் ஆயிடும். மார்த்தாண்டம் நெரிசல்ல அதுக்கு வேலையே இல்ல, காவல்கிணறு தாண்டி நாலுவழிச்சாலைல ஒரே வேகத்துல போகும்போதுதான் நடக்கும். மேனுவல்ல போட்டிருக்க இன்ஜின் ஆயில் கிரேடு 0டபிள்யூ-20, தண்ணியா ஓடுற ஆயில். போன சர்வீஸ்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல கேக்காமலே அதைவிட ரொம்ப கட்டியான 20டபிள்யூ-50 ஊத்திட்டாங்க, கேட்டா "நம்ம ஊரு வெயிலுக்கு கட்டி ஆயில்தான் சார் நல்லது"ன்னு சொல்றாங்க. எனக்கு மனசே ஆறல, மறுநாளே வடிச்சுட்டு மாத்தினேன்.

வெளிய எவ்வளவு வெயில் அடிச்சாலும் இன்ஜின் சூட்டை ரேடியேட்டர்ல ஓடுற கூலன்ட்டும் அதை அளவா விடுற தெர்மோஸ்டாட்டும் பாத்துக்கும். சில வண்டில சிலிண்டரை நிறுத்துறதே ஆயில் பிரஷர்தான், வால்வுகிட்ட இருக்க சின்ன பின்னை அதுதான் தள்ளணும், பொடி ஓட்டை வழியா கட்டி ஆயில் எப்டிங்க டயத்துக்குப் போகும்? சில வண்டில வால்வைத் தள்ளித் திறக்குற கேம் கரண்ட்ல நகரும், அதுக்கும் மேனுவல்ல உள்ள ஆயில்தான்.

கிரேடு மட்டும் பாத்தா போதாது, வண்டி கம்பெனி அந்த ஆயிலுக்குக் குடுத்த அப்ரூவல் நம்பரும் டின்ல இருக்கணும். இந்த மாதிரி இன்ஜின் சிலது ஆயில் குடிக்கும், ஆயில் அளவு காட்டுற டிப்ஸ்டிக்கை மாசம் ஒருக்கா உருவிப் பாருங்க. பில்லுல கிரேடை எழுதித் தராத ஒர்க்‌ஷாப்ல வண்டியை விடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை