துண்டுக்குள் பேசிய விலை

ரங்கூன்,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

வியாழக்கிழமை இரவு நீ பேசியதிலிருந்து மனம் அங்கேயே கிடக்கிறது. கிடங்கில் சரக்கு அடுக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று கூட்டத்தில் கணக்கோடு எடுத்துச் சொன்னாய். மேலாளர் இரண்டே நிமிடத்தில் தள்ளிவிட்டார். "என் கணக்கில் ஓர் எண்கூடத் தப்பில்லை அப்பா, வேலையை விட்டுவிடப் போகிறேன்" என்றாய். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறாய் என்று தெரிந்தது. அந்த நேரத்தில் ஆறுதல் சொல்வதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் சரியான கணக்கு தோற்றுப்போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று அதைத் தோற்கடித்தவர்களில் நானும் ஒருவன்.

2017இல் நான் பயின்னவுங் மொத்தச் சந்தையில் ஒரு பயறுக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். இந்த நாட்டில் விளையும் துவரை பெரும்பாலும் இந்தியாவுக்குக் கப்பலேறத்தான் விளைகிறது. 2015இல் அங்கே துவரம்பருப்பு கிலோ இருநூறு ரூபாய் வரை போனதைப் பார்த்து இங்கே ஊரே துவரையை நம்பியது. 2017 ஆகஸ்ட் 5ஆம் தேதி, ஆண்டுக்கு 2 லட்சம் டன் துவரைக்கு மேல் இறக்குமதி கிடையாது என்று இந்திய அரசு உத்தரவு போட்டது. அதே மாதம் 21ஆம் தேதி உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இன்னோர் உத்தரவு வந்தது. விலை சரிந்தது. எங்கள் கிடங்கில் மூட்டைகள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன.

முதலாளியும் நானும் ஒரே பேச்சாக இருந்தோம். வாங்கிய விலைக்குக் கீழே விற்பதில்லை, இந்தியா மனம் மாறும் வரை காத்திருப்போம் என்றோம். அப்போது கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன், தரகர்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கேட்டான்: "ஐயா, இந்தச் சரக்கு நம்மிடம் இல்லை, பணம்தான் கையில் இருக்கிறது என்றால், இன்றைய விலைக்கு இதை வாங்குவீர்களா?"

அதைவிட நல்ல கேள்வியை அந்தச் சந்தையில் நான் கேட்டதில்லை. வாங்கமாட்டோம் என்றால் விற்றுவிட வேண்டியதுதான். கொடுத்த பணம் போனது போனதுதான். ஆனால் அதை அவன் தரகர்கள் முன்னால் கேட்டான். முதலாளியின் முகம் கறுத்தது. "உனக்கு என்ன வயது?" என்று மட்டும் கேட்டார். நானும் அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

மூன்று வாரம் கழித்துக் கிடங்குக்குள் போய் நடுவிலிருந்த ஒரு மூட்டையைப் பிரித்தேன். துவரையின் மேல்தோலில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. வண்டு முட்டை வைத்துவிட்டது. சில மணிகளில் துளையும் விழுந்திருந்தது. ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு, கடை சாத்தும் நேரத்தில், முதலாளி தனியாக இருக்கும்போது அவர் மேசையில் வைத்தேன். "காத்திருக்கலாம் என்று நானும்தான் சொன்னேன். இதைப் பார்த்த பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது. பாதியை மட்டும் விற்றுப் பார்ப்போமா?" என்றேன். அவர் ஒரு மணியை நகத்தால் கீறிப் பார்த்தார். மறுநாள் காலை பாதி போனது. அடுத்த பத்து நாளில் மீதியும் போனது. நட்டம்தான், ஆனால் கடை நின்றது.

பையன் சொன்னதைவிடப் புதிதாக நான் எதையும் சொல்லவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். தனியிடத்தில் சொன்னேன், முந்தைய முடிவில் எனக்கும் பங்குண்டு என்று முதலில் ஒப்புக்கொண்டேன், எல்லாவற்றையும் கேட்காமல் பாதியைக் கேட்டேன். அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பக்கத்து மாட்டுச் சந்தையில் கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் என்று என் தாத்தா சொல்வார். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. இறங்கி வந்தாலும் ஏறிப் போனாலும் யாருக்கும் தலைகுனிவு இல்லை. முதலில் சொன்ன எண் அடுத்தவன் மனத்தில் ஆணி அடித்தாற்போல இறங்காமல் இருப்பதற்கும் அது உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் எழுதிய ஒரு சோதனை உண்டு. 10இல் அல்லது 65இல் மட்டுமே நிற்கும்படி செய்த ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்கள் சொன்ன விடைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வந்தது 25. 65ஐப் பார்த்தவர்களுடையது 45. கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் எண் அவ்வளவு தூரம் இழுத்திருக்கிறது. எங்களுக்கு அந்த எண், நாங்கள் கொடுத்த கொள்முதல் விலை.

உன் மேலாளருக்கு இப்போதிருக்கும் அடுக்குமுறைதான் அந்த எண். அதை ஏற்படுத்தியவரே அவர்தான் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். பத்துப் பேர் முன்னால் அது தவறு என்று நிறுவினால் அவர் என்ன செய்வார்? தனியாகப் போய்ப் பார். அந்த முறை வந்தபோது எது அதனால் சரியானது என்று அவரையே கேள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேள், ஏதோ ஒன்று சரியாகித்தான் இருக்கும். பிறகு மாற்றத்தில் அவர் எதை இழக்கக்கூடும் என்பதை உன் வாயாலேயே முதலில் சொல். முழுக் கிடங்கையும் கேட்காதே. ஒரு வரிசை, இரண்டு வாரம், சரிவராவிட்டால் பழையபடி மாற்றிவிடலாம் என்று கேள்.

உன்கீழ் வேலை செய்பவர்கள் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை என்றாயே, அதைச் சம்மதம் என்று எண்ணிவிடாதே. பர்மியர்கள் 'ஆனாடே' என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நீ. எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்படுமே என்று தன் கருத்தை விழுங்கிக்கொள்வது. அப்படிப்பட்டவர்களிடம் "இதில் என்ன குறை?" என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பார்கள். "ஆறு மாதம் ஆகிவிட்டது, இந்தத் திட்டம் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதனால் படுத்தது? ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள்" என்று கேட்டுப் பார். திட்டம் ஏற்கெனவே தோற்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டதால், காரணம் சொல்வது யாரையும் குறை சொல்வதாகாது. பேசாதவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

எல்லோரும் ஒரே குரலில் பேசும் இடம்தான் எனக்கு அச்சம் தருவது. உன் கொள்ளுத்தாத்தா இங்கே ரங்கூன் மொகல் தெருவில், வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களின் கிட்டங்கியில், அதாவது அவர்கள் தங்கித் தொழில் செய்த கட்டடத்தில், சமையல் வேலைக்கு வந்தவர். பரிமாறிக்கொண்டே எல்லாப் பேச்சையும் கேட்டவர். கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்த அவர்கள் ஒழுங்கைச் சாகும்வரை மெச்சினார். ஆனால் அவர்கள் கொடுத்த கடன் ஏறக்குறைய எல்லாமே அடமானம் வைத்த நெல் வயலையே நம்பியிருந்தது. 1930ஐ ஒட்டி நெல் விலை விழுந்தபோது கடன் வாங்கியவர்கள் எல்லோரும் ஒருசேர விழுந்தார்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த விளைநிலம் 1930இல் 6 சதவீதம்; 1938இல் 25 சதவீதம். அவர்கள் கேட்டது பணம், வந்து சேர்ந்தது நிலம். அந்த நிலமே பின்னால் ஊராரின் கோபத்துக்கும் இலக்கானது. அத்தனை கெட்டிக்காரர்கள் கூடிய இடத்தில், நெல் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருவராவது உரக்கக் கேட்டிருப்பாரா என்று நான் பல இரவுகள் நினைத்ததுண்டு.

வேலையை விடுவது பற்றி. வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அது உன் முடிவு. கோபம் இருக்கும் வாரத்தில் மட்டும் எடுக்காதே. ஒரு தாளில் தேதி போட்டு எழுது: எனக்கு உறுதியாகத் தெரிந்தது எது, நான் ஊகிப்பது எது, என்ன நடந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன். 2017இல் நான் அப்படி எழுதி வைத்திருந்தால், இந்தியா மனம் மாறும் என்பது வெறும் ஊகம் என்று தாளிலேயே தெரிந்திருக்கும். எழுதாததால் அது எனக்குத் தெரிந்த செய்தி போலவே மனத்தில் உட்கார்ந்திருந்தது.

எழுதியதை உறையிலிட்டு ஒட்டி, அடுத்த மாதம் ஊருக்கு வரும் உன் சிநேகிதியிடம் கொடுத்தனுப்பு. என் கணக்குப் பெட்டியில் பூட்டி வைக்கிறேன், பிரிக்கமாட்டேன். சித்திரையில் தண்ணீர்த் திருவிழா விடுமுறைக்கு நீ வரும்போது இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பிரித்துப் படிப்போம். அவள் திரும்பும்போது அம்மா எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புவாள். வெயிலில் வைத்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது.

அன்புடன்,
அப்பா